மேத்தன் மணி கண்ட மன்னர்

நுழையும் முன்

கடிகாரங்களின் முகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பன்னிரண்டு எண்கள், இரண்டு முட்கள் என்பதே பொது அமைப்பு. மூடியைத் திறந்து உள்ளே நோக்கினால்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். காலத்தை அளக்கும் கருவிகளில் நாட்டம் கொண்டு, 33 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த திருவிதாங்கூர் மன்னர் ஒருவரின் வரலாறு இப்பாடம்.

1. எல்லைச் சாலையில் ஓர் ஊர்வலம்

ஆண்டுதோறும் நவராத்திரிக்குச் சில நாள்களுக்கு முன்னர், பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து ஓர் ஊர்வலம் புறப்படும். யானைமீது கலைமகள் அமர்ந்து வருவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் எழுந்தருள்வர். குழித்துறையில் தங்கி, களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையை அடைந்து, அங்குள்ள கிருஷ்ணன் கோயிலில் இரவு தங்கி, பின்னர் இவ்வூர்வலம் திருவனந்தபுரம் கோட்டைக்குள் நுழையும். அக்கலைமகள் திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. எனவே பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விழா தாய்வீட்டு உறவினர் வருகையைப் போன்றது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டன. கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. அதற்கு முன்னர் இச்சாலை முழுவதும் திருவிதாங்கூர் என்னும் ஒரே நாட்டிற்குள் இருந்தது. நவராத்திரி விழாவைப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்குக் கொண்டுவந்தவர் சுவாதித் திருநாள் என்பர்.

ஊர்வலம் சென்றடையும் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலின் அருகே, பத்மதீர்த்தக் குளத்தை நோக்கியபடி ஒரு பழங்கட்டடம் நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு விந்தையான கடிகாரம் உள்ளது. அதற்கு மேத்தன் மணி என்று பெயர். அதுவும் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுவப்பட்டதே.

2. கருவிலேயே அரசர்

சுவாதித் திருநாள் இராமவர்மர் 1813 ஏப்ரல் 16-ஆம் நாள் பிறந்தார். சுவாதி விண்மீனுக்குரிய நாளில் பிறந்தமையால் அப்பெயர் பெற்றார். அப்போது நாட்டை ஆண்டவர் அவருடைய அன்னை கவுரி லட்சுமி பாய். அரச குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாத நிலையில் இக்குழந்தை பிறந்தது. ஆதலால் இவர் தாயின் வயிற்றில் இருந்தபோதே அரசராகக் கருதப்பட்டார். கருவிலேயே செல்வம் பெற்றவர் என்னும் பொருளில் கர்ப்பஸ்ரீமான் என்று இவரை அழைத்தனர்.

1815-இல் அன்னை மறைந்தார். இரண்டு வயதுக் குழந்தையின் சார்பில் சிற்றன்னை கவுரி பார்வதி பாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். நாட்டைக் காப்பதுடன் வருங்கால மன்னரை உருவாக்கும் கடமையும் அவருடையதாயிற்று. தஞ்சாவூரைச் சேர்ந்த சுப்பாராவ் ஆங்கில ஆசிரியராக அமர்த்தப்பட்டார். சிறுவர் மலையாளம், சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, கன்னடம், மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம், ஆங்கிலம் எனப் பல மொழிகளைக் கற்றார். கணிதத்தில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது.

1825-இல் கர்னல் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அரண்மனைக்கு வந்தார். அப்போது சுவாதித் திருநாளுக்குப் பன்னிரண்டு வயது. சிறுவர் ஒரு கணித நூலை எடுத்து, செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் பற்றிய யூக்ளிடின் தேற்றத்தைத் தேர்ந்தெடுத்தார். அதற்குரிய வடிவத்தைப் பலகையில் தாமே வரைந்து காட்டினார். அறுகோணத்தை ஆங்கிலத்தில் ஹெக்சகன் என்பதையும் சமஸ்கிருதத்தில் சட்கோணம் என்பதையும் ஒப்பிட்டு, இரு சொற்களின் ஒலி ஒற்றுமையை எடுத்துரைத்தார். வியந்த அதிகாரி இந்நிகழ்ச்சியைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்தார். இரு மொழிகளில் ஒரே பொருளைக் காணும் பயிற்சி அவருக்கு இளமையிலேயே கைவந்திருந்தது.

3. காலமும் தாளமும்

1829-இல், பதினாறாம் வயதில், சுவாதித் திருநாள் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். கொல்லத்தில் இயங்கிவந்த அரசின் தலைமை அலுவலகத்தைத் திருவனந்தபுரத்திற்கு மாற்றினார். நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தினார். 1834-இல் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியே பின்னாளில் பல்கலைக்கழகக் கல்லூரியாக வளர்ந்தது.

அவருடைய அவையில் இசைக்குத் தனி இடம் இருந்தது. மன்னரே பல மொழிகளில் இசைப்பாடல்கள் இயற்றினார். ஒரே பாடலை ஆறு காலங்களில் பாடவல்ல ஷட்கால கோவிந்த மாரார் அவ்வவையை அணி செய்தார். தஞ்சையிலிருந்து வந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வரும் அங்குச் சிறப்புப் பெற்றனர். அவர்களுள் வடிவேலுவின் திறனைப் பாராட்டி, தந்தத்தால் அழகுசெய்யப்பட்ட வயலின் ஒன்றை 1834-இல் மன்னர் பரிசளித்தார்.

இசைக்குத் தாளம் தவறலாகாது. ஆட்சிக்கு நேரம் தவறலாகாது. அலுவலகமும் நீதிமன்றமும் பள்ளியும் குறித்த பொழுதில் திறக்க வேண்டுமாயின், ஊரார் அனைவருக்கும் பொதுவான ஒரு நேரம் வேண்டும். அக்காலத்து மக்கள் பொழுதை எவ்வாறு அறிந்தனர்?

நெடுங்காலமாக நாழிகை வட்டில் என்னும் கருவி வழக்கில் இருந்தது. அடியில் சிறு துளையுள்ள செம்புக் கிண்ணம் ஒன்றை நீர்மேல் மிதக்கவிடுவர். துளை வழியே நீர் ஏறி, கிண்ணம் மூழ்கினால் ஒரு நாழிகை கழிந்தது எனக் கொள்வர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. கிண்ணம் மூழ்கியதும் அதனை எடுத்து மீண்டும் மிதக்கவிட ஓர் ஆள் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். அவர் சற்றே கண்ணயர்ந்தாலும் கணக்குத் தவறிவிடும். இக்குறையைப் போக்கக்கூடியது பொறியால் இயங்கும் கடிகாரம்.

4. மேத்தன் மணி

மேத்தன் மணியின் முகப்பில், நேரம் காட்டும் வட்டத்திற்கு மேலே, தாடியுடன் கூடிய ஒரு மனித முகம் செதுக்கப்பட்டுள்ளது. அதன் இருபுறமும் இரண்டு ஆட்டுக்கிடாக்கள் நிற்கின்றன. ஒவ்வொரு மணிப்பொழுதிலும் அம்முகம் வாய் திறக்கும். கிடாக்கள் இரண்டும் ஒரே சமயத்தில் பாய்ந்து கன்னங்களில் முட்டும். மணியோசை எழும். இக்கடிகாரம் சென்னையிலிருந்து தருவிக்கப்பட்டது என்றும், ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயரின் மேற்பார்வையில் பொருத்தப்பட்டது என்றும், அதன் உருவங்களில் உள்ளூர்க் கைவினைஞரின் திறன் கலந்துள்ளது என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது.

எழுத்தறியாதவரும் இக்கடிகாரத்தால் பயன்பெற்றனர். முட்களைப் படிக்கத் தெரியாதவர்கள், கிடாக்கள் முட்டும்போது எழும் ஓசையை எண்ணிப் பொழுதை அறிந்தனர். குளத்தில் நீராடுவோர், கோயிலுக்கு வருவோர், கடைத்தெருவில் நடப்போர் ஆகிய யாவருக்கும் அது ஒரே நேரத்தைக் கூறியது. அரண்மனைக்குள் இருந்த நேரம் தெருவுக்கு வந்தது.

நேரம் காட்டுவது ஒரு வேலை. மணி அடிப்பது மற்றொரு வேலை. மணியடிக்கும் கடிகாரத்தினுள் பொதுவாக இரண்டு பற்சக்கரத் தொடர்கள் தனித்தனியே இருக்கும். முதல் தொடர் முட்களை நகர்த்தும். மணி நிறைவுறும் தருணத்தில் அது ஒரு சிறு நெம்புகோலைத் தூக்கும். உடனே, அதுவரை கட்டுண்டிருந்த இரண்டாம் தொடர் விடுபட்டுச் சுழன்று சுத்தியலை இயக்கும். பழைய சுவர்க் கடிகாரங்களின் முகத்தில் இதற்கான அடையாளத்தைக் காணலாம். சாவி கொடுக்கும் துளை ஒன்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் நேரம் மட்டும் காட்டும். இரண்டு துளைகள் இருந்தால் அது மணியும் அடிக்கும்.

5. மூடியைத் திறந்தால்

எல்லா இயந்திரக் கடிகாரங்களிலும் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது, இயக்கும் ஆற்றலைத் தருவது. இரண்டாவது, அவ்வாற்றலை முட்கள்வரை கொண்டுசெல்லும் பற்சக்கரத் தொடர். மூன்றாவது, சக்கரங்கள் தாறுமாறாக ஓடிவிடாமல் ஒவ்வொரு பல்லாகத் தடுத்தும் விடுத்தும் சீராக நடத்துவது. காதில் கேட்கும் டிக் டிக் ஓசை இம்மூன்றாம் பகுதியில்தான் பிறக்கிறது. இப்பகுதிகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைக் கண்ணால் பார்த்தே கடிகாரத்தின் வகையை அறியலாம்.

கட்டடங்களில் பொருத்தப்பெறும் பெருங்கடிகாரங்களைப் பொதுவாக எடைக்கட்டிகள் இயக்கும். கயிற்றில் தொங்கும் எடை மெல்லக் கீழிறங்க, அதனால் உருளை சுழலும். எடை தரையைத் தொடும் முன்னர் மீண்டும் மேலே ஏற்ற வேண்டும். இவற்றைச் சீராக நடத்துவது ஊசல். ஊசலின் மேற்பகுதியில், கப்பல் நங்கூரத்தைப் போன்ற வளைந்த உறுப்பு ஒன்று, பற்சக்கரத்தின்மேல் இருபுறமும் மாறி மாறிச் சாயும். ஓர் ஆட்டத்திற்கு ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆதலால் அத்தகைய கடிகாரத்தின் பெட்டி ஆள் உயரம் இருக்கும்.

சட்டைப்பையில் வைக்கும் கடிகாரத்தில் எடையும் ஊசலும் இருக்க முடியாது. அதில் எடைக்குப் பதிலாகச் சுருள்வில் உண்டு. ஊசலுக்குப் பதிலாக இருபுறமும் மாறி மாறிச் சுழலும் சிறு சக்கரம் உண்டு. கடிகாரம் பழுது பார்ப்போர் அதனைப் பேலன்ஸ் சக்கரம் என்பர். மயிரிழை போன்ற மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

சுவாதித் திருநாள் காலத்தில் வழங்கிய சட்டைப்பைக் கடிகாரங்களுள் பழைய வகையும் புதிய வகையும் இருந்தன. பழைய வகையில், தடுத்து விடும் சக்கரம் மணிமுடியைப் போன்று பற்கள் ஒருபுறமாக நீண்டு, மற்றச் சக்கரங்களுக்குச் செங்குத்தாக நிற்கும். அதற்கு இடம் தேவைப்பட்டமையால் அக்கடிகாரம் தடித்திருக்கும். அது ஒரு நாளில் பல நிமிடங்கள் முந்தவோ பிந்தவோ செய்யும். புதிய வகையில் அச்சக்கரம் தட்டையாகப் படுத்திருக்கும். அதற்கும் பேலன்ஸ் சக்கரத்திற்கும் இடையே சிறு நெம்புகோல் ஒன்று இருக்கும். இந்நெம்புகோல் அமைப்பை 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் மட்ஜ். பேலன்ஸ் சக்கரத்தை அது கணநேரமே தொட்டு விலகும். எஞ்சிய நேரம் சக்கரம் தன்னியல்பில் தடையின்றி ஆடும். ஆகவே நேரம் பெரிதும் தவறாது.

ஆங்கிலேயர் செய்தவற்றில் மற்றோர் அழகையும் காணலாம். முழுதும் சாவி கொடுத்த வில் வலுவாக இழுக்கும். தளரத் தளர அதன் வலு குறையும். இதனைச் சரிசெய்ய, கூம்பு வடிவ உருளை ஒன்றில் மெல்லிய சங்கிலியைச் சுற்றினர். மிதிவண்டிச் சங்கிலியை எறும்பளவாகச் சிறுத்துச் செய்தாற்போன்று அது தோன்றும். வில் வலுவாக இருக்கும்போது சங்கிலி கூம்பின் ஒடுங்கிய பகுதியை இழுக்கும். வில் தளரும்போது அகன்ற பகுதியை இழுக்கும். இதனால் சக்கரங்களுக்குச் செல்லும் ஆற்றல் சமமாகிறது. பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் செய்தோர் இச்சங்கிலியை நீக்கி, பற்கள் கொண்ட வில்பெட்டியையே நேரடியாகச் சக்கரங்களுடன் இணைத்தனர். இரண்டு பெரிய தகடுகளுக்கு இடையே எல்லாவற்றையும் அடக்காமல், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனிப் பட்டைகளால் தாங்கினர். ஆகவே அவர்கள் செய்த கடிகாரம் மெலிந்தது. உள்ளுறுப்புகளும் வெளிப்படையாகத் தெரிந்தன.

அச்சுகள் சுழலும் துளைகளில் தேய்மானத்தைக் குறைக்க மாணிக்கக் கற்களைப் பதிப்பதும் உண்டு. சிவந்த புள்ளிகளாகத் தோன்றும் அக்கற்கள் அணிகலன் அல்ல. அவை உராய்வைக் குறைக்கும் தாங்கிகள்.

6. குன்றின்மேல் வானாய்வகம்

மேத்தன் மணி ஊருக்கு நேரம் கூறியது. ஆனால் அந்த மணி கூறும் நேரம் சரிதானா என்பதை எவ்வாறு அறிவது? ஒரு கடிகாரத்தை மற்றொரு கடிகாரத்துடன் ஒப்பிடலாம். இரண்டுமே தவறாக இருந்தால்? இறுதியில் வானத்தைத்தான் கேட்க வேண்டும். ஒரு விண்மீன் ஓர் ஊரின் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியால் கண்டு, கடிகாரத்தின் வினாடியுடன் ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும். அதற்குரிய இடமே வானாய்வகம்.

ஜான் கால்டிகாட் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக ஆலப்புழையில் பணியாற்றினார். ஓய்வு நேரங்களில் வானத்தை ஆராய்ந்தார். திருவனந்தபுரத்தில் வானாய்வகம் ஒன்று அமைக்க வேண்டும் என்னும் அவருடைய கருத்தை, அப்போதைய ஆங்கிலப் பிரதிநிதி ஜெனரல் பிரேசர் மன்னரிடம் எடுத்துரைத்தார். கணிதத்திலும் இந்திய வானவியலிலும் பழகியிருந்த மன்னர் உடனே இசைந்தார். 1837-இல் குன்றின்மேல் வானாய்வகம் உருவாயிற்று. கால்டிகாட் அதன் இயக்குநரானார். சிறந்த கருவிகளைத் தேடி அவர் ஐரோப்பாவுக்குச் சென்று வந்தார். பூமியின் காந்த நடுக்கோட்டிற்கு அருகில் திருவனந்தபுரம் அமைந்துள்ளது. ஆதலால் அங்கு எடுக்கப்பட்ட காந்தவியல் அளவீடுகள் உலக அறிஞர்களுக்குப் பெரிதும் பயன்பட்டன. நம் நாட்டுப் பழைய கணக்கு முறையையும் ஐரோப்பிய முறையையும் ஒப்பிட்டறிவதில் மன்னர் ஆர்வம் காட்டினார். அறுகோணத்தை இரு மொழிகளில் ஒப்பிட்ட சிறுவரின் பழக்கம் மன்னரான பின்னரும் மாறவில்லை.

வானாய்வகங்களில் வைக்கப்பெறும் கடிகாரம் வேறு வகையைச் சேர்ந்தது. அதில் உருவங்கள் இரா, மணியோசையும் இராது. அதன் சிறப்பு ஊசலில் உள்ளது. வெயிலில் உலோகம் நீளும். ஊசல் நீண்டால் கடிகாரம் பிந்தும். இதனைத் தடுக்க, சில ஊசல்களின் அடியில் பாதரசம் நிரம்பிய குப்பி வைக்கப்பெறும். தண்டு கீழ்நோக்கி நீளும்போது பாதரசம் மேல்நோக்கி விரிந்து அதனை ஈடுசெய்யும். வேறு சில ஊசல்களில் பித்தளைக் கம்பிகளும் எஃகுக் கம்பிகளும் சாளரக் கம்பிகளைப் போல வரிசையாக அமையும். ஒன்றன் நீட்சியை மற்றொன்று ஈடுசெய்யும். ஊசலைப் பார்த்த அளவிலேயே இது துல்லியம் வேண்டிச் செய்த கடிகாரம் எனக் கூறிவிடலாம்.

கடற்பயணத்திற்கென்று செய்யப்பெற்ற குரோனோமீட்டர் இன்னொரு வகை. மரப்பெட்டிக்குள் வளையங்களில் அது தொங்கும். கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் கடிகாரம் கிடைநிலை மாறாது. அதன் பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பு உள்ளே எஃகும் வெளியே பித்தளையுமாக இரு உலோகங்களால் ஆனது, இரண்டிடங்களில் வெட்டப்பட்டிருக்கும். வெப்பத்தில் வெட்டுமுனைகள் உள்நோக்கி வளைந்து பிழையைத் திருத்தும். சாதாரணக் கடிகாரத்தில் தட்டையாகச் சுருண்டிருக்கும் மெல்லிய வில், இதில் உருளை வடிவில் மேலெழுந்து நிற்கும்.

இத்துணைத் துல்லியம் எதற்கு? பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். சென்னைக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடையே தீர்க்கக் கோட்டில் மூன்று பாகைக்குச் சற்று மிகுதியான வேறுபாடு உண்டு. ஆதலால் சென்னையில் ஞாயிறு உச்சியை அடைந்து ஏறத்தாழ 13 நிமிடம் கழித்தே திருவனந்தபுரத்தில் உச்சியை அடையும். இன்று நாடு முழுவதும் ஒரே நேரம் பின்பற்றப்படுகிறது. ஆண்டுச் சராசரியாக, பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் கடிகாரம் பன்னிரண்டைக் காட்டி 20 நிமிடத்திற்கு மேல் கழிந்த பின்னரே ஞாயிறு உச்சிக்கு வரும். இரண்டு ஊர்களின் உச்சிப்பொழுது வெவ்வேறாக இருந்தாலும் இரண்டும் உண்மையே. அவற்றின் வேறுபாட்டைத் துல்லியமாக அளந்தால், ஊர்களுக்கு இடையேயுள்ள தீர்க்கக் கோட்டு வேறுபாடு தெரிந்துவிடும். நிலப்படம் வரைவதற்கும் கப்பல் செலுத்துவதற்கும் இக்கணக்கே அடிப்படை.

7. குறுகிய வாழ்நாள்

1840-இல் ஜெனரல் கல்லன் ஆங்கிலப் பிரதிநிதியாகத் திருவிதாங்கூருக்கு வந்தார். அதன்பின் ஆட்சியின் அன்றாட அலுவல்களிலும் ஆங்கிலப் பிரதிநிதியின் தலையீடு மிகுந்தது. அரசர் என்னும் பெயர் மன்னரிடம் இருந்தது. முடிவெடுக்கும் உரிமை சிறிது சிறிதாகக் கைநழுவியது. பதினாறு வயதில் பேரார்வத்துடன் ஆட்சியேற்றவருக்கு இது தாங்க முடியாத துயராயிற்று.

கோயிலுக்கு அருகில் மன்னர் கட்டிய புத்தன் மாளிகை இன்றும் உள்ளது. கூரையின் கீழ் 122 மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதால் குதிரை மாளிகை என்றும் அதனை அழைப்பர். மன்னரின் இறுதி ஆண்டுகள் பெரும்பாலும் இசையிலும் இறைவழிபாட்டிலும் கழிந்தன. 1846 டிசம்பரில், தம் 33-ஆம் வயதில், சுவாதித் திருநாள் மறைந்தார். நாட்டு மக்களுக்குப் பொதுவான நேரத்தை வழங்கியவருக்கு வாழும் காலம் குறைவாகவே வாய்த்தது.

8. நிற்காத இயக்கம்

சாவி கொடுத்தவர் விலகிச் சென்ற பின்னரும் கடிகாரம் ஓடும். மன்னர் தொடங்கிய பணியும் அவ்வாறே தொடர்ந்தது. மன்னரின் தம்பி உத்திரம் திருநாள் அரியணை ஏறினார். 1849-இல் கால்டிகாட் மறைந்தார். 1852-இல் ஜான் ஆலன் பிரவுன் என்னும் அறிஞர் வானாய்வகப் பொறுப்பை ஏற்றார். அவர் அகத்தியர் மலையின் உச்சியில் மற்றோர் ஆய்வு நிலையத்தை 1855-இல் அமைத்தார். மலையுச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஒரே வேளையில் அளவெடுத்து ஒப்பிடுவது அவருடைய நோக்கம். இரண்டு இடங்களிலும் நேரக் கணக்கு ஒத்திருந்தாலன்றி அம்முயற்சி கைகூடாது. நேரத்தின் துல்லியத்திற்கு மன்னர் அன்று அளித்த முதன்மை இங்குப் பயன் தந்தது.

தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் எனப் போற்றப்படும் அகத்தியரின் பெயர் தாங்கிய அம்மலையில்தான் நெய்யாறு பிறக்கிறது. அவ்வாறு மலையிலிருந்து இறங்கி நெய்யாற்றின்கரையைத் தொட்டுக் கடலை அடைகிறது. அதன் கரையில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுகின்றனர். ஒருகாலத்தில் ஒரே நாடாக இருந்த நிலத்தின் இரு மொழிகள் அவை.

மன்னர் நிறுவிய வானாய்வகம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. மேத்தன் மணியையும் கோட்டைக்குள் காணலாம். கிடாக்கள் முட்டுவதைப் பார்க்கச் சிறுவர் அண்ணாந்து நிற்பர். அவர்கள் வியப்பது அம்முகத்தையே. கண்ணுக்குப் புலப்படாமல், ஒவ்வொரு பல்லாகத் தடுத்தும் விடுத்தும் நேரத்தைக் காக்கும் சிறு உறுப்பு உள்ளே உழைக்கிறது. ஊர் வியக்க ஒரு கடிகாரத்தை வைத்ததோடு சுவாதித் திருநாள் நின்றுவிடவில்லை. நேரத்தின் பிழையைத் திருத்தும் வானாய்வகத்தையும் குன்றின்மேல் அமைத்தார். அதனாலேயே அவர் வரலாறு நினைக்கத்தக்கதாயிற்று.

சொல்லும் பொருளும்

நாழிகை – 24 நிமிடம் கொண்ட கால அளவு
வட்டில் – கிண்ணம்
கிடா – ஆண் ஆடு
ஊசல் – இருபுறமும் ஆடும் தொங்கல்
நெம்புகோல் – ஒரு முனையை அழுத்த மறுமுனை எழும் கோல்
உராய்வு – பொருள்கள் ஒன்றோடொன்று தேய்தல்
பாகை – வட்டத்தின் 360 கூறுகளில் ஒன்று
துல்லியம் – பிழையற்ற நுட்பம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சுவாதித் திருநாள் கர்ப்பஸ்ரீமான் என்று அழைக்கப்பட்டது ஏன்?
2. ஒரு நாளுக்கு எத்தனை நாழிகை?
3. கடிகார முகத்தில் இரண்டு சாவித்துளைகள் இருப்பது எதனைக் காட்டும்?
4. மாணிக்கக் கற்கள் கடிகாரத்தினுள் பதிக்கப்படுவது ஏன்?

ஆ. வேறுபடுத்தி எழுதுக.
1. எடையால் இயங்கும் கடிகாரம் – சுருள்வில்லால் இயங்கும் கடிகாரம்
2. மணிமுடி வடிவச் சக்கரம் – தட்டையான சக்கரம்
3. சட்டைப்பைக் கடிகாரம் – குரோனோமீட்டர்

இ. சிந்தித்து எழுதுக.
மேத்தன் மணி இருந்தும் திருவனந்தபுரத்திற்கு வானாய்வகம் தேவைப்பட்டது ஏன்?

ஈ. செயல்பாடு
வீட்டிலோ உறவினர் இல்லத்திலோ உள்ள பழைய கடிகாரம் ஒன்றைப் பெரியோர் துணையுடன் உற்றுநோக்குக. சாவித்துளைகளின் எண்ணிக்கை, ஊசல் உண்டா இல்லையா, மணி அடிக்குமா என்பவற்றைக் குறித்துவந்து வகுப்பில் ஐந்து தொடர்களில் பேசுக.